டிரெயில் ஷூ தைக்க: பழைய வண்ணாரப்பேட்டை வேப்பமரத்தடிக் கடை

மலை, பாறைப் பாதைகளில் ஓடுவதற்கென்று பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய டிரெயில் ஷூ முன்பக்கம் வாயைப் பிளந்துவிட்டதா? உடனே புதுசு தேடாதீர்கள். வள்ளலார் நகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் நடங்கள். துணிக்கடைக் கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, ஒரு வேப்பமரத்தடியில் நீலத் தார்ப்பாய் கட்டிய செருப்புக் கடை வரும். போர்டு கிடையாது. ஓடுவதற்காக நான் செலவழிக்கிற காசில் மிக நல்ல செலவு இங்கேதான் நடக்கிறது.

என் ஷூ என்ன பாடு படுகிறது என்று சொன்னால்தான் இந்தக் கடையின் அருமை தெரியும். வீடு திருவொற்றியூர். எங்கள் பக்கம் மலை ஏது? வார நாட்களில் விடியுமுன் கடற்கரை. அலை அரிக்காமலிருக்கக் கொட்டிய பாறையும் தூண்டில் வளைவும்தான் இப்போது அங்கே அதிகம். நடுவே கிடைக்கிற மணலில் ஓடுவேன். ஏற்றத்துக்கு ஹவுசிங் போர்டு மாடிப்படி, இல்லையென்றால் பேசின் பிரிட்ஜ் மேம்பாலம். நேரம் கிடைக்கிற ஞாயிறுகளில் மாதவரத்தில் ஆந்திரா பஸ் பிடித்து, ஊத்துக்கோட்டை வழியாக நாகலாபுரம் மலை. ஓடைக்குள் இறங்கி, வழுக்குப் பாறை ஏறி, மறுபடி தண்ணீர், மறுபடி வெயிலில் கொதிக்கிற கல். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து, எந்தக் கம்பெனி பசையும் ஒரு கட்டத்தில் விட்டுவிடும். முதலில் பெருவிரல் பக்கம், அப்புறம் சுண்டுவிரல் மடங்குகிற இடம்.

ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டு ஓட வேண்டும் என்று வீட்டிலேயே கேட்பார்கள். ரத்தப் பரிசோதனை லேபில் எனக்கு வேலை. நாள் முழுக்க ட்யூப், நம்பர், அவசரம். ரோட்டில் ஓடினால் அதே கணக்கு மண்டைக்குள் கூடவே ஓடி வருகிறது. கல்லில் அப்படி முடியாது. அடுத்த கால் எங்கே என்பதைத் தவிர வேறெதையும் நினைக்க விடாது. பெரிய மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த காலத்தில் ஆரம்பித்த பழக்கம் இது. அவள் இப்போது காலேஜ். இத்தனை வருஷத்தில் இது அலுத்ததே இல்லை.

கடைக்கு வருகிறேன். ஷூவைக் கையில் வாங்கியதும் பெரியவர் கிழிசலைப் பார்க்க மாட்டார். முன்பக்கத்தை மடக்கிப் பார்ப்பார். கட்டைவிரலால் பக்கவாட்டு ஃபோமை அழுத்துவார். உள்ளே கைவிட்டுக் குதிகால் துணியைத் தடவுவார். "இன்னாம்மா, கல்லு மேலயே குடித்தனமா?" என்றார் முதல் தடவை. பிறகுதான் விலை பேசினார்.

ஒட்டுவதில் அவர் காட்டுகிற பொறுமையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பழைய பசையைக் கத்தியால் சுரண்டி, இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டு, அதற்கப்புறம்தான் சொல்யூஷன். தடவியவுடன் அமுக்க மாட்டார். விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு சேர்த்து, சுத்தியால் ஓரம் முழுக்கத் தட்டுவார். அவசரப்பட்டுச் சூடு காட்டுவதும் இல்லை. ஃபோம் சூட்டில் சுருங்கும் ரகம், ஷூவின் அளவே மாறிவிடும். (நனைந்த ஷூவை மொட்டை மாடி உச்சி வெயிலில் வைக்கிறவர்களும் இதைக் கவனியுங்கள்.)

அதற்கு மேல் சுற்றுத் தையல். சோல் ஓரத்தில் மெல்லிய வாய்க்கால் ஒன்று கீறி, மெழுகு தடவிய நைலான் நூலை அதற்குள் இறக்கித் தைக்கிறார். நூல் வெளியே துருத்தினால் முதல் பாறையிலேயே அறுந்துவிடும். இவர் தைத்தது சோல் தேய்கிற வரை நிற்கிறது. ஊசித் துளை வழியாகத் தண்ணீர் போகுமே என்று கவலைப்படாதீர்கள். ஓடையில் ஓடுகிற ஷூவுக்குள் தண்ணீர் எப்படியும் வரும், சீக்கிரம் வெளியேறுவதுதான் முக்கியம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது நினைவிருக்கும். மீன்பிடிக்கிற ஜனங்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் என் ஷூ ஒரு விஷயமே இல்லை. இருந்தாலும் அந்தக் கறை படிந்த ஜோடியைக் கொண்டுபோனபோது, சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். எண்ணெய் இருக்கிற ரப்பரில் பசை பிடிக்காது. மேலாக ஒட்டிக் காசை வாங்கியிருக்கலாம், அவர் அந்த மாதிரி ஆள் இல்லை.

இன்னொரு ஜோடியைத் தைக்கவே மாட்டேன் என்றார். மேல்துணி நன்றாக இருந்தது, அடிக்கட்டைகளும் (பிடிப்புக்காகச் சோலின் அடியில் துருத்தி நிற்கிற ரப்பர் முட்டுகள்) பாதிதான் தேய்ந்திருந்தன. ஃபோமில் விழுந்திருந்த சுருக்கங்களைக் காட்டி, "இது செத்துப்போச்சும்மா. மேல தெச்சி இன்னா பிரயோஜனம், உன் முட்டிதான் போவும்" என்றார். ஓடுகிறவர்கள் பொதுவாக ஒரு ஷூவுக்கு 500 முதல் 800 கிலோமீட்டர் என்று கணக்கு வைப்பார்கள். அவர் கட்டைவிரல் வைத்துச் சொன்னதும் ஏறக்குறைய அதே இடத்துக்குத்தான் வந்தது. அன்று காசு வாங்கவில்லை. இந்தக் கடைக்கு நான் முழு மார்க் போடுவது இதற்காகத்தான்.

ஒருநாள் காத்திருந்த நேரத்தில் மரியா லோரேனா ராமிரெஸ் படத்தைப் போனில் காட்டினேன். மெக்சிகோவின் ராராமுரி இனத்துப் பெண். 2017இல் 50 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் பாவாடையும் டயர் செருப்புமாக ஓடி, பெண்கள் பிரிவில் முதலிடம் பிடித்தவர். பெரியவர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பெரிதாக்கச் சொல்லி வாரையே பார்த்தார். "வாரு கணுக்கால சுத்தி வருது பாரு, அதான் ஓட முடியுது. நாங்களும் டயர்ல போட்டோம், ஆர்பருக்குப் போறவங்களுக்கு" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் டயர் செருப்பைப் பற்றியே பேசினோம்.

குறைகளும் உண்டு. மழை வந்தால் கடை கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் நம்பிப் போகாதீர்கள். கறுப்பு நூல் மட்டும்தான், ஷூ எந்தக் கலராக இருந்தாலும். இழுத்துப் பூட்டுகிற மெல்லிய லேஸ் அறுந்தால் அவரிடம் வழி இல்லை, சாதா லேஸ் கோத்துத் தருவார். தேய்ந்த அடிக்கட்டைக்குப் பெரியமேட்டிலிருந்து ரப்பர் ஷீட் வாங்கி ஒட்டித் தருகிறேன் என்பார். அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நடக்க நல்ல ஷீட்தான், ஈரப் பாறையில் பிடிப்பு போதாது. தைத்த ஷூ முதல் சில ஓட்டங்களில் முன்பக்கம் விறைப்பாகவும் இருக்கும். கர்நாடகாவில் நடக்கிற மல்நாட் அல்ட்ரா நெடுந்தூர ஓட்டம் மாதிரி காபித் தோட்டச் சேற்றில் நாள் முழுக்க ஓடப் போகிறவர்கள் மூன்று வாரம் முன்னாலேயே கொடுத்து, பழக்கிக்கொண்டு போங்கள்.

முன்பக்கம் ஒட்ட 80 ரூபாய், ஜோடிக்குச் சுற்றுத் தையல் 250. பேரம் பேசாதீர்கள், ஒன்றரை மணி நேர வேலை. காலை பத்து மணிக்கு மேல் போனால் ஆள் இருப்பார், ஞாயிறு லீவு. ஷூவைத் துவைத்து நிழலில் காயவைத்து எடுத்துப் போங்கள். ஈரமாக நீட்டினால் வாங்க மாட்டார்.