ஏற்காட்டுக் கோடை முகாம்: பிள்ளைகளை எந்தத் தண்ணீரில் இறக்குவது?

ஏப்ரல் பிறந்ததும் ஏற்காட்டில் முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு கேள்வி வந்துவிடும்: தண்ணீர் விளையாட்டை எங்கே வைத்துக்கொள்வது? காபித் தோட்டம், பகோடா பாயின்ட், இரவில் நெருப்பு மூட்டிப் பாட்டு என்று எவ்வளவோ வைத்திருப்போம். சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் ஏறி வருகிற பிள்ளைகள் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கேட்பது "நீச்சல் எப்போ?" என்றுதான். நோட்டீஸிலும் அந்தப் படத்தைத்தான் பெரிதாகப் போட்டிருப்பார்கள். தண்ணீரே வேண்டாம் என்று நழுவிவிட முடியாது.

நம் பக்கத்தில் பேச்சில் அடிபடுகிற இடங்கள் இவை: ஏற்காடு ஏரி, விடுதி நீச்சல் குளம், எஸ்டேட்டில் இருக்கும் குட்டை, அடிவாரத்துத் தோட்டக் கிணறு, காவிரி. முகாம்களில் தண்ணீர்ப் பொறுப்பு பார்க்கிறவன் என்ற முறையில் எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான். கரையில் நின்றால் அடித்தரை தெரிகிறதா?

காரணம் இருக்கிறது. மூழ்குகிற பிள்ளை "காப்பாத்துங்க" என்று கத்தும், கையை ஆட்டும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. தலை பின்னால் சாயும், வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்கும், இரண்டு கையும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும். மூச்சுக்கே வழியில்லாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? 20 விநாடியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடும். அடி தெரிகிற தண்ணீராக இருந்தால் அதற்குப் பிறகும் பிள்ளை கண்ணுக்குத் தெரியும். கலங்கல் தண்ணீரில் கடைசியாக எங்கே பார்த்தோம் என்ற ஞாபகம் மட்டும்தான் மிச்சம்.

ஏரி: படகுக்குச் சரி, நீச்சலுக்கு வேண்டாம்

மலைமேல் இவ்வளவு உயரத்தில் ஊர் நடுவிலேயே இப்படி ஓர் ஏரி கிடைப்பது அபூர்வம்தான். ஆனால் பச்சைத் தண்ணீர், அடியில் சேறு. என் கேள்வியில் அது முதல் சுற்றிலேயே வெளியே போய்விடுகிறது. படகு என்றால் மட்டும் ஏரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

மிதி படகா, துடுப்புப் படகா, மோட்டார் படகா? பத்து வயதுக்குக் கீழே இருந்தால் படகோட்டியோடு போகிற துடுப்புப் படகு. படகு ஓட்டுகிறவருக்கு ஏரி தெரியும், எழுந்து நிற்கிற பயலை ஒரு அதட்டலில் உட்கார வைப்பார். பெரிய பிள்ளைகளுக்கு மிதி படகு கொடுக்கலாம், ஒவ்வொரு படகிலும் ஒரு பெரியவர் இருந்தால். மோட்டார் படகில் கூட்டமாக ஏற்றினால் எல்லோரையும் ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்பதுதான் கவர்ச்சி. அந்தக் கவர்ச்சிதான் எனக்குப் பயம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்னி ஏரியில் பள்ளிச் சுற்றுலா போன 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் போனார்கள். அங்கே அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார்கள், பல பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட்டும் இல்லை. "இன்னும் ரெண்டு பேர்தானே, ஏத்திக்கங்க" என்று யாராவது சொன்னால் அந்தப் படகை அனுப்பிவிட்டு அடுத்ததற்கு நில்லுங்கள்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பொது இடங்களில் தொங்குவது பெரும்பாலும் பெரியவர்கள் அளவு. எட்டு வயதுப் பிள்ளைக்கு மாட்டி, பக்கிள் போட்டு, தோள்பட்டையில் இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் தண்ணீரிலும் அப்படித்தான் ஏறும், பிள்ளை கீழே நழுவும். கால் இடுக்கு வழியாக வருகிற பட்டை அறுந்து போயிருந்தாலும் இதே கதை. வாடகைக்கு எடுப்பதைவிட முகாமுக்கென்று சிறிய அளவுகளில் பத்துப் பன்னிரண்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வாங்கும்போது 50 நியூட்டன், 100 நியூட்டன் என்று போட்டிருக்கும், ஆளை மிதக்க வைக்கிற விசையின் அளவு அது. 50 என்பது நீச்சல் தெரிந்தவர் கரையோரத்தில் போட்டுக்கொள்வது. நீச்சல் தெரியாத பிள்ளைக்கு 100 வேண்டும்.

இன்னொன்று, மே மாதக் கோடை விழா நாட்களில் ஏரிப் பக்கமே போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் தண்ணீரில் தொலைவதற்கு முன்னால் பிள்ளை கரையிலேயே தொலைந்துவிடும்.

விடுதி நீச்சல் குளம்

அடி தெரிகிற தண்ணீர் இது ஒன்றுதான். அதனால் நீச்சலுக்கு என் ஓட்டு இதற்கே. ஆனால் விடுதிக்காரர் சொல்வதை அப்படியே நம்பி இறக்கக் கூடாது. "நாலடிதான் சார், ஒண்ணும் ஆகாது" என்பார். ஏழு வயதுப் பிள்ளையின் உயரமே ஏறக்குறைய நாலடி. நாலடித் தண்ணீர் அதற்கு உச்சந்தலை வரை. போதாக்குறைக்குப் பல குளங்களில் தரை ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போகும். பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு விளையாடியபடியே ஆழத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். குறுக்கே ஒரு மிதவைக் கயிறு கட்டினால் இந்தப் பிரச்சினை பாதி தீரும். விடுதியில் இல்லையென்றால் கயிற்றில் வண்ணப் பந்துகளைக் கோத்து நாமே கட்டலாம்.

வார இறுதியில் மற்ற விருந்தினர்களும் குளத்தில் இருப்பார்கள். அந்தக் கும்பலில் நம் பிள்ளைகளை எண்ண முடியாது. ஒரு மணி நேரம் முகாமுக்கு மட்டும் என்று பேசி, கூடக் கொஞ்சம் பணம் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். இறங்குவதற்கு முன் ஆழமான பக்கம் ஒரு கறுப்புத் தட்டைப் போட்டுப் பாருங்கள். கரையிலிருந்து அது தெளிவாகத் தெரியவில்லை என்றால் அன்றைக்கு நீச்சல் கிடையாது. குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் இத்தனை பங்கு), பிஎச் என்கிற அமில-கார அளவு 7.2 முதல் 7.8 என்று சோதனைக் குச்சியிலும் பார்த்துவிடலாம், அது பெரிய வேலையில்லை.

நேரம்தான் மலையில் தலைவலி. காலை ஏழு மணிக்குத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்தில் உதடு நீலமாகி பல் கிட்டிக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் கோடை இடி மழை. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு வருவது சாதாரணம். இடி காதில் விழுந்தால் தண்ணீரிலிருந்து எல்லோரும் மேலே, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி. ஆக, பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை என்று வைத்துக்கொள்வதுதான் தோது.

"யார் ரொம்ப நேரம் மூச்சுப் பிடிக்கிறது?" என்ற போட்டியை மட்டும் அடியோடு நிறுத்துங்கள். வேகவேகமாக மூச்சு இழுத்து விட்டுவிட்டு முங்குகிறவனுக்கு மூச்சு முட்டுகிற உணர்வே வராமல் மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்துகிற பிள்ளைகள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

குட்டை, கிணறு, ஆறு

எஸ்டேட்காரர் நண்பராக இருப்பார். "நம்ம குட்டையிலயே விளையாடட்டுமே, காசு எதுக்கு?" என்பார். பாசனத்துக்கு வெட்டி, பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டையாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அந்தத் தாளில் பாசி படிந்தால் வாழைப்பழத் தோல் மாதிரி வழுக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிற ஆள்கூடச் சரிவில் ஏறி வர முடியாது. காலை ஊன்ற ஊன்ற உள்ளே இழுக்கும். பிடித்துக்கொள்ள ஒரு புல்கூட இருக்காது. முகாம் நடக்கிற எஸ்டேட்டில் அப்படிக் குட்டை இருந்தால், நீந்தப் போகாவிட்டாலும் சுற்றி வேலி இருக்கிறதா, முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று உள்ளே தொங்குகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். பந்து உருண்டு போனால் எடுக்க ஓடுகிறவன் உங்கள் முகாம் பையனாகத்தான் இருப்பான்.

கிணற்றுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. சேலம் சுற்று வட்டாரத்தில் ஒரு தலைமுறையே சுரைக்குடுக்கையையோ காலி கேனையோ முதுகில் கட்டிக்கொண்டு தோட்டக் கிணற்றில்தான் நீச்சல் பழகியது. உண்மைதான். ஆனால் அங்கே ஒரு பிள்ளைக்கு ஒரு அப்பாவோ மாமாவோ இருந்தார், இடுப்புக் கயிறு அவர் கையில் இருந்தது. முகாமில் 40 பிள்ளைக்கு எத்தனை மாமாவைக் கூட்டி வருவீர்கள்? சுற்றிலும் பாறைச் சுவர், ஏறி வர ஒரே படிக்கட்டு, தண்ணீருக்குள் மோட்டாரும் வயரும். பழைய முறையை நான் குறை சொல்லவில்லை, கூட்டத்துக்கு அது பொருந்தாது என்கிறேன்.

காவிரி ஒரு நாள் சுற்றுலாவுக்குச் சரி. பூலாம்பட்டியில் கதவணைத் தேக்கத்தில் விசைப்படகு ஏறி அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் போய்விட்டு வரலாம், பிள்ளைகளுக்கு அது பெரிய சந்தோஷம். குளிக்க இறக்காதீர்கள். பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறப்பது ஜூன் 12 தானே, மே மாதம் ஆற்றில் என்ன ஆபத்து என்று கேட்பார்கள். கதவணைக்குப் பின்னால் தண்ணீர் எப்போதும் தேங்கித்தான் நிற்கும். முழங்காலளவு இருக்கிற இடத்துக்கு அடுத்த அடியே மணல் குழியாக இருக்கலாம்.

கிளியூர் அருவியைப் பற்றியும் கேட்பார்கள். கோடையில் தண்ணீரே சொற்பம், பெய்த மறுநாள் போனால் பாறை வழுக்கல். பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

எண்ணுவதில் எந்த முறை?

குளத்தை முடிவு செய்துவிட்டால் அடுத்த தகராறு காவலில். நம் முகாம்களில் வழக்கம் தலை எண்ணுவது. ஆசிரியர் கரையில் நடந்துகொண்டே "ஒண்ணு, ரெண்டு..." என்பார், பிள்ளைகள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள், கணக்கு ஒரு தடவை 38, ஒரு தடவை 41. அமெரிக்க சாரணர் முகாம்களில் ஜோடி முறை. இரண்டிரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும், ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு தடவை விசில், உடனே ஜோடி கையைப் பிடித்துத் தூக்கிக் காட்ட வேண்டும். கரையில் ஒரு பலகை இருக்கும், இறங்குகிற ஒவ்வொருவரின் அட்டையும் அதில் தொங்கும், ஏறியதும் எடுத்துவிடுவார்கள்.

எனக்கு ஜோடி முறை பிடிக்கும், ஆனால் அதை மட்டும் நம்ப மாட்டேன். எட்டு வயதுப் பையன் ஜோடியை மறந்துவிட்டுப் பந்தைத் துரத்துவான். அட்டைப் பலகை மறக்காது. நீச்சல் முடிந்து எல்லோரும் துவட்டிக்கொண்டிருக்கும்போது பலகையில் ஒரு அட்டை மிச்சம் தொங்கினால், அந்தப் பிள்ளையைக் கண்ணால் பார்க்கும் வரை சாப்பாட்டு மணி அடிக்கக் கூடாது. செலவு என்று பார்த்தால் ஒரு பிளைவுட் துண்டும் ஆணியும்தான். ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் பலகையை எடுங்கள்.

அட்டைக்கு நிறம் கொடுப்பது முதல் நாள் சோதனையில். பெற்றோர் படிவத்தில் "நீச்சல் தெரியும்" என்று எழுதியிருப்பார்கள். டியூபைப் பிடித்துக்கொண்டு காலை உதைப்பதும் அவர்கள் கணக்கில் நீச்சல்தான். எல்லோரையும் ஆழமில்லாத பக்கத்தில் ஒவ்வொருவராக நீந்தவும், மல்லாந்து மிதக்கவும் சொல்லிப் பாருங்கள். மிதக்கத் தெரியாத பிள்ளைக்குச் சிவப்பு அட்டை, இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டக் கூடாது. "கண்ணு, நாளைக்கு மறுபடி பார்க்கலாம்" என்று சொன்னால் அழுகை அடங்கிவிடும்.

காவலுக்கு நிற்கிறவர் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, பாடம் நடத்தவும் கூடாது. சொல்லிக் கொடுப்பவர் வேறு, பார்ப்பவர் வேறு. விடுதியில் ரூம் பையனுக்கு ஒரு விசில் கொடுத்து நிறுத்தியிருந்தால் அவரை நம் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குதிப்பதா, எறிவதா? நம் ஊரில் ஒருவர் மூழ்கினால் உடனே குதிப்பதுதான் வீரம். அப்படிக் குதித்தவரும் சேர்ந்து போன செய்தியைக் கோடை விடுமுறைதோறும் படிக்கிறோம். முதலில் மூங்கில் கழியை நீட்டுங்கள். எட்டவில்லையென்றால் கயிற்றின் நுனியில் கட்டிய 5 லிட்டர் கேனை எறியுங்கள். கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மூடினால்தான் காற்றில் திசைமாறாமல் போய் விழும். தூக்கிய பிள்ளைக்கு மூச்சில்லை என்றால் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும், பிறகு மார்பை 30 முறை அழுத்தி 2 முறை மூச்சு, விடாமல். இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். சேலம் பெரியாஸ்பத்திரிக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், மூளை அவ்வளவு நேரம் காத்திருக்காது. ஆகவே முதலுதவி பழகிய இருவராவது கரையில் இல்லாமல் நீச்சல் வகுப்பைத் தொடங்காதீர்கள்.

இத்தனையும் வகுப்பு நேரத்துக்கான ஏற்பாடு. உறைவிட முகாமில் பிள்ளைகள் இரவும் அங்கேதான். விடுதி தேடும்போது இரண்டு இடம் ஒரே விலையில் கிடைத்து, ஒன்றில் குளம் அறைகளை ஒட்டித் திறந்து கிடந்தால், மற்றதில் ஆளுயரக் கம்பி வேலியும் பூட்டும் இருந்தால், காட்சி சுமாராக இருந்தாலும் பூட்டு உள்ள இடத்தையே எடுப்பேன். சாயங்காலம் விடுதிக்காரரிடமிருந்து அந்தச் சாவியை வாங்கி, காலை வகுப்பு வரை முகாம் பொறுப்பாளர் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும்.