ஃபெர்டினாண்டா, டெர்ரியா? முதுகுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளிதான் கணக்கு

கால்பந்தில் இங்கிலாந்தின் சென்டர் பேக்குகளை, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், "ரியோவுக்கு மூளை, டெர்ரிக்கு நெஞ்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதை நம்பி அணி கட்டினால் பத்து ஆட்டத்துக்குள் சாயம் வெளுத்துவிடும். ஆட்டத்தைப் படிக்கத் தெரியாமல் ஜான் டெர்ரி ஐந்து பிரீமியர் லீக் வெல்லவில்லை. அடிக்கு அஞ்சி ஒதுங்கியவராக இருந்திருந்தால் ரியோ ஃபெர்டினாண்ட் ஆறு வென்றிருக்க முடியாது. இவர்களைப் பிரிப்பது வேறு ஒன்று. தன் முதுகுக்கும் கோல்கீப்பருக்கும் நடுவே எத்தனை மீட்டர் வெற்றுப் புல்லை விட்டுவைத்து நிம்மதியாக நிற்க முடியும்? ரியோவால் முப்பது மீட்டர் விட முடிந்தது. டெர்ரிக்குப் பதினைந்து தாண்டினால் ஆபத்து. மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

தொடக்கம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ரியோ 1978இல் தெற்கு லண்டனில் பிறந்தவர், டெர்ரி 1980இல் கிழக்கு லண்டனின் பார்க்கிங்கில். இருவரும் வெஸ்ட் ஹாமின் இளையோர் பிரிவில் இருந்தார்கள், இருவரும் சிறுவயதில் மிட்ஃபீல்டர்கள். ரியோ அங்கேயே தங்கி, 1996 மே மாதம் முதல் அணியில் இறங்கி, போர்ன்மவுத்துக்குக் கடனாகப் போய்வந்து, 1997 நவம்பரில் கேமரூனுக்கு எதிராக இங்கிலாந்துச் சட்டை போட்டபோது வயது பத்தொன்பது. டெர்ரி பதினான்கு வயதிலேயே செல்சிக்குப் போய்விட்டார். 1998 அக்டோபரில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரான லீக் கோப்பை ஆட்டத்தில் மாற்று வீரராக அறிமுகம், 2000இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் சில வாரக் கடன், பிறகு பதினேழு ஆண்டு ஒரே வீடு.

விலைக் கணக்கில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும். 2000 நவம்பரில் லீட்ஸ் ரியோவுக்குக் கொடுத்தது 1.8 கோடி பவுண்டு. அன்றைக்கு ஒரு தடுப்பாட்டக்காரருக்கு உலகில் யாரும் தராத தொகை. முதல் சீசனிலேயே சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனார்கள், வலென்சியாவிடம் தோற்றார்கள். பிறகு கடன் கழுத்தை நெரிக்க, 2002 ஜூலையில் ஏறத்தாழ மூன்று கோடிக்கு அவரை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள். டெர்ரிக்குச் செல்சி இப்படி எந்தக் கட்டணமும் கொடுக்கவில்லை, கொல்லையில் காய்த்த மரம்.

ரியோ நிற்கும் விதம்

அவரைப் பார்ப்பதென்றால் பந்தைப் பார்க்காதீர்கள், அவர் இடுப்பைப் பாருங்கள். பந்து எதிரணி மிட்ஃபீல்டரின் காலில் இருக்கும்போது ரியோ நேராக நிற்பதில்லை. பாதி உடம்பு பந்தை நோக்கி, பாதி தன் கோலை நோக்கி. தோளுக்கு மேலே ஒரு பார்வை, இரண்டு விநாடி கழித்து இன்னொன்று. பந்து பின்னால் விழுந்தால் திரும்பும் வேலை மிச்சம், முதல் எட்டு ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. ஸ்ட்ரைக்கர் முதுகில் கைவைத்து ஒட்டிக்கொள்ளவும் மாட்டார். ஒட்டினால் உரசிச் சுழன்று போய்விடுவான் என்று ஒரு கைநீளம் தள்ளி நிற்பார். பாஸ் கிளம்பிய பிறகுதான் அந்த இடைவெளியை மூடுவார்.

சறுக்கி டேக்கிள் போடுவதும் அபூர்வம். தரையில் விழுந்தவன் எழுந்து வர இரண்டு மூன்று விநாடி ஆகும், அதற்குள் அணி பத்துப் பேர்தான். அவரிடம் வேகம் இருந்தது, எனவே காத்திருக்க முடிந்தது. தவறாகக் கணித்தாலும் ஓடிப் பிடித்துவிடலாம் என்ற தைரியம் இருப்பவனுக்குத்தான் பொறுமை வரும்.

கோளாறு எங்கே? எல்லாம் எளிதாக வருகிறவனுக்கு வரும் அசதிதான். பந்து தன் பக்கம் இல்லாதபோது பார்வை தூங்கும். 2009இல் ரோமில் பார்சலோனாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் 70ஆவது நிமிடம் சாவி வலப்பக்கத்திலிருந்து தூக்கிப் போட்ட பந்தை, ரியோவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்ற மெஸ்ஸி தலையால் முட்டினார். மெஸ்ஸியின் உயரம் 170 சென்டிமீட்டர், ரியோ அவரைவிட கிட்டத்தட்ட ஒரு சாண் உயரம். இங்கே உயரம் எதற்கும் உதவவில்லை, தோளுக்கு மேலே பார்க்க வேண்டிய அந்த ஒரு பார்வைதான் தவறியது.

டெர்ரி நிற்கும் விதம்

டெர்ரி தொடுவார். முன்னங்கை எப்போதும் ஸ்ட்ரைக்கரின் முதுகிலோ விலாவிலோ. எந்தப் பக்கம் திரும்பப்போகிறான் என்பது கண்ணுக்குத் தெரியும் முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். திரும்பும் வேகம் குறைந்தவர் கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. அதோடு பாக்ஸுக்குள் பந்தின் பாதையில் எதையாவது வைத்துவிடுவார்: தொடை, மார்பு, முகம். 2010 உலகக் கோப்பையில் ஸ்லோவேனியாவுக்கு எதிராகத் தரைக்கு ஓரடி மேலே, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, தலையை முன்னால் நீட்டிப் பறந்தார். கேலி செய்தார்கள். ஆனால் கையை ஒட்டி வைத்துக்கொண்டதைக் கவனியுங்கள். அந்தப் பதற்றத்திலும் பெனால்டி கொடுக்கக்கூடாது என்ற நினைப்பு இருந்திருக்கிறது.

பலரும் விட்டுவிடுவது அவர் பாஸ். வலக்கால்காரர், ஆனால் ஆடியது இடப்பக்க சென்டர் பேக்காக. இடக்காலாலும் நாற்பது மீட்டர் குறுக்குப் பந்தை வலது விங்கருக்கு அனுப்புவார். "ரியோதான் பந்து ஆடத் தெரிந்தவர்" என்ற பேச்சில் பாதிதான் உண்மை. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு மேலே நடப்பதில் ரியோ ஒரு படி மேல். நின்ற இடத்திலிருந்து இரண்டு காலாலும் அனுப்புவதில் டெர்ரி மேல் என்பேன்.

அவருக்குத் தேவையான சூழலைச் செல்சி பயிற்சியாளர் மொரீனியோ 2004-05இல் அளந்து செய்துகொடுத்தார். முன்னால் தடுப்பு மிட்ஃபீல்டர் மகலேலே, பின்னால் கோல்கீப்பர் பெட்ர் செக், வலப்பக்கம் வேகமான ரிக்கார்டோ கார்வாலோ, தடுப்பாட்டக்காரர்கள் நிற்கும் கோட்டைப் பெனால்டி பாக்ஸின் விளிம்புக்கு அருகில் நிறுத்தும் ஆட்டம். 38 ஆட்டத்தில் வாங்கிய கோல் 15. 25 ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை. அந்த ஆண்டு பிஎஃப்ஏ (தொழில்முறை வீரர்கள் சங்கம்) தரும் சிறந்த வீரர் விருதும் டெர்ரிக்கே. ஒப்பிட, ரியோவும் அவர் துணை சென்டர் பேக் விடிச்சும் நின்ற யுனைடெட் 2007-08இல் வாங்கியது 22, அடுத்த சீசனில் 24. எண்ணிக்கையில் செல்சி முன்னால். ஆனால் யுனைடெட் அந்த வெற்றிடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஆடிய அணி.

சூழலை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 2011-12 இருக்கிறது. புதிய பயிற்சியாளர் வில்லாஸ்-போவாஸ் வந்து கோட்டை நடுக்களத்தை நோக்கி ஏற்றினார். அக்டோபர் 29, ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ், ஆர்சனல் 5, செல்சி 3. 85ஆவது நிமிடம் மலூடா பின்னால் தட்டிவிட்ட பந்தை எடுக்கப் போன டெர்ரி வழுக்கி விழுந்தார், வான் பெர்ஸி அதைக் கொண்டுபோய் செக்கைச் சுற்றி அடித்தார். வழுக்குவது யாருக்கும் நடக்கும். அப்போது பின்னால் துடைக்க ஆளில்லாமல் அரைக் களம் காலியாகக் கிடந்ததே, அது வகுத்துவைத்த தவறு. இதே டெர்ரி மொரீனியோ திரும்பி வந்து கோட்டை இறக்கியதும் 2014-15இல், 34 வயதில், 38 லீக் ஆட்டங்களிலும் ஒரு நிமிடம் விடாமல் ஆடிப் பட்டம் வென்றார். மூன்று வயது குறைந்தா போனது? கோடு இறங்கியது, அவ்வளவுதான்.

கோல் அடிப்பதில் ஒப்பீடே இல்லை. டெர்ரி செல்சிக்கு 717 ஆட்டத்தில் 67 கோல். பிரீமியர் லீக்கில் மட்டும் 41; தடுப்பாட்டக்காரர்களில் அதுதான் அதிகம். 2005 மார்ச்சில் பார்சலோனாவுக்கு எதிரான அந்த ஹெட்டர் ஒன்று போதும்: டஃப்பின் கார்னர், கார்வாலோ கோல்கீப்பர் வால்டெஸின் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார் (இன்றைக்குள்ள விஏஆர், அதாவது காணொளி நடுவர், அன்று இருந்திருந்தால் வேறு கதை), டெர்ரி முட்டிய பந்து மூலைக்குள் போகிறது. 4-2, இரண்டு ஆட்ட மொத்தத்தில் 5-4. ரியோ யுனைடெட்டுக்கு 455 ஆட்டத்தில் 8 கோல். அவ்வளவு உயரத்தையும் தாவலையும் வைத்துக்கொண்டு எட்டு! அதிலும் ஒன்று 2013 மே மாதம் பயிற்சியாளர் ஃபெர்குசனின் கடைசி ஓல்டு டிராஃபோர்டு ஆட்டத்தில் ஸ்வான்சியை வென்ற கோல், அதைச் சேர்த்துத்தான் எட்டு.

சேர்த்து நிறுத்தினால்

சமையலில் உப்பும் புளியும் போல, இவர்களைச் சேர்த்துப் போட்டால்தான் ருசி. வலப்பக்கம் ரியோ, இடப்பக்கம் டெர்ரி. டெர்ரி பந்துக்கு முன்னேறி முட்டுவார், ரியோ நான்கைந்து மீட்டர் பின்வாங்கி மிச்சத்தைத் துடைப்பார். 2006 உலகக் கோப்பையின் ஐந்து ஆட்டங்களில் இங்கிலாந்து வாங்கியது இரண்டே கோல், இரண்டும் ஸ்வீடனிடம். இரண்டாவது விழுந்தபோது காயத்தால் ரியோ களத்திலேயே இல்லை. டிரினிடாட் ஆட்டத்தில் கோல் கோட்டிலிருந்து டெர்ரி பந்தை வெளியேற்றியதும், ஈக்வடார் ஆட்டத்தில் அவர் தலை தவறிப் பின்னால் போன பந்து டெனோரியோவுக்குக் கிடைத்து, சக தடுப்பாட்டக்காரர் ஆஷ்லி கோலின் காலில் பட்டுக் குறுக்குக் கம்பத்தில் மோதியதும் இதே போட்டியில்தான்.

ஒருவர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2010 காட்டியது. பிப்ரவரியில் இங்கிலாந்துப் பயிற்சியாளர் கப்பெல்லோ டெர்ரியிடமிருந்து கேப்டன் பட்டையை எடுத்து ரியோவிடம் கொடுத்தார். ஜூனில் தென்னாப்பிரிக்கா போய் இறங்கிய முதல் பயிற்சியிலேயே சக வீரர் ஹெஸ்கியோடு மோதி ரியோவின் முழங்கால் போனது. டெர்ரியின் பக்கத்தில் கிங், கேராகர், அப்சன் என்று நான்கு ஆட்டத்தில் மூன்று துணை. ஜெர்மனி ஆட்டத்தின் 20ஆவது நிமிடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஜெர்மனி கோல்கீப்பர் நொயர் கோல் கிக்கை நேராக ஓங்கி உதைக்கிறார். கோல் கிக்கிலிருந்து நேரடியாக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது, கோட்டை ஏற்றி நின்று பயனில்லை. டெர்ரி முன்னால் ஏறி நிற்கிறார், பந்து அவரைத் தாண்டிப் போகிறது. பின்னால் அப்சனும் ஜெர்மனி ஸ்ட்ரைக்கர் க்ளோசாவும் தோளோடு தோள். க்ளோசா காலை நீட்டித் தள்ளிவிட்டார். டெர்ரி ஏறியது அவர் வழக்கம், அதில் குற்றமில்லை. ஏறியவருக்குப் பின்னால் வேகமாகத் துடைக்கும் ஆள் இல்லை. 4-1.

ஒரே ஒரு இடம், ஒரே ஒரு ஆள் என்றால்? ரியோவைத்தான் எடுப்பேன். அவரோடு யாரையும் நிறுத்தலாம்: வெஸ்ட் ஹாமில் மூவர் வரிசை, 2002 உலகக் கோப்பையில் கேம்பல் (ஐந்து ஆட்டம், வாங்கியது மூன்றே கோல்), பிறகு விடிச். டெர்ரியை எடுத்தால் அவரைச் சுற்றி இன்னும் மூன்று பேரைத் தேட வேண்டும். ஆனால் அந்த மூவரும் கையில் இருந்து, ஒரு கோல் முன்னிலையை இருபது நிமிடம் காக்க வேண்டும் என்றால் டெர்ரி; யோசிக்கவே தேவையில்லை.

கிடைக்கும் நாள்களையும் எண்ண வேண்டும். 2003 செப்டம்பரில் யுனைடெட்டின் பயிற்சிக் களமான கேரிங்டனில் ஊக்கமருந்துச் சோதனை கொடுக்காமல் கிளம்பிப் போனதற்கு ரியோவுக்கு எட்டு மாதத் தடை, 50,000 பவுண்டு அபராதம். யுனைடெட் மூன்றாம் இடத்தில் முடித்தது, யூரோ 2004 கைநழுவியது. 2008க்குப் பிறகு முதுகு வலி வேகத்தைத் தின்றது. அவர் இரண்டு மீட்டர் முன்கூட்டியே பின்வாங்கக் கற்றுக்கொண்டார். டெர்ரி பெரிய இரவுகளைத் தவறவிட்டவர். 2012 ஏப்ரலில் கேம்ப் நோவில் அலெக்சிஸ் சான்செஸின் பின்பக்கம் முழங்காலால் இடித்துச் சிவப்பு அட்டை வாங்கினார், மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் போனது. 2008 மாஸ்கோவை, செல்சியும் யுனைடெட்டும் மோதிய சாம்பியன்ஸ் லீக் இறுதியை, சொல்லாமல் விட முடியாது. ஐந்தாவது பெனால்டியில் வழுக்கியது எல்லோருக்கும் தெரியும். அதே இரவு கூடுதல் நேரத்தில் கிக்ஸ் அடித்த பந்தைக் கோல் வாயில் தலையால் வெளியேற்றியதும் அவர்தான். இல்லாவிட்டால் பெனால்டி வரை ஆட்டம் போயே இருக்காது. கோப்பையைத் தூக்கிய யுனைடெட் கேப்டன் ரியோ.

கடைசியில் இந்தத் தேர்வை நிஜமாகவே ஒருவர் செய்ய வேண்டிவந்தது. 2011 அக்டோபரில் ரியோவின் தம்பி ஆன்டனை இனரீதியாகத் திட்டியதாக டெர்ரி மீது புகார். 2012 ஜூலையில் நீதிமன்றம் விடுவித்தது, செப்டம்பரில் எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) குற்றம் உறுதி என்று நான்கு ஆட்டத் தடையும் 2,20,000 பவுண்டு அபராதமும் விதித்தது. இடையில் வந்தது யூரோ 2012. இருவரையும் ஒரே அறையில் வைக்க முடியாது என்பது ஊரறிந்த சங்கதி. இங்கிலாந்தின் அன்றைய பயிற்சியாளர் ஹாட்ஜ்சன் டெர்ரியை எடுத்தார், ரியோவை விட்டதற்கு "ஆட்டக் காரணம்" என்றார். தடுப்பாட்டக்காரர் கேஹில் காயமடைந்து இடம் காலியானபோதுகூட அழைத்தது லிவர்பூலின் மார்ட்டின் கெல்லியை. அவர் இறக்கிவைத்த ஆழமான கோட்டுக்கு டெர்ரி பொருத்தமான ஆள்தான், அதை மறுக்க முடியாது. உக்ரைன் ஆட்டத்தில் டெவிச் அடித்த பந்தை டெர்ரி கோட்டுக்குள்ளிருந்து காலால் வெளியே தூக்கினார். பந்து முழுதாக உள்ளே போயிருந்தது, நடுவர்கள் பார்க்கவில்லை. காலிறுதியில் இத்தாலியிடம் பெனால்டியில் இங்கிலாந்து வெளியேறியது.

செப்டம்பரில் டெர்ரி 78 ஆட்டங்களோடு இங்கிலாந்துச் சட்டையைக் கழற்றினார். அந்த 2012-13 சீசனில் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 14 மட்டுமே. அதே சீசனில் ரியோ ஆறாவது பட்டத்தை வென்று பிஎஃப்ஏவின் ஆண்டு அணியில் இடம்பிடித்தார். 2013 மார்ச்சில் ஹாட்ஜ்சன் ரியோவைக் கூப்பிட்டுப் பார்த்தார். உடம்புக்கான பயிற்சித் திட்டம் தடுக்கிறது என்று சொல்லி விலகிய ரியோ, மே மாதம் 81 ஆட்டங்களோடு இங்கிலாந்துக் கணக்கை முடித்தார்.