'நோ டிஸ்க்': ஒரு டிவிடி பிளேயரோடு 15 வருடம்

போன மாதம்தான் லென்ஸ் மாற்றி வந்தது. இது நான்காவது ரிப்பேர். கேள்விப்பட்ட நண்பன் ஒருவன் போன் செய்தான். "எங்க வீட்டுப் பரணிலும் ஒண்ணு கிடக்கு. டிஸ்க் போட்டா எடுக்க மாட்டேங்குது. சரி பண்ணலாமா, காயலான் கடையில போட்டுரலாமா?" அரை மணி நேரம் பேசியும் அவனுக்குப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

2009 தீபாவளிக்கு 2,400 ரூபாய் கொடுத்து வாங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம், திட்டப் போகிறேன். டிவிடி, விசிடி, ஆடியோ சிடி, எம்பி3, முன்பக்கம் ஒரு யுஎஸ்பி ஓட்டை என்று அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்த அதே ரகம். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. என் சண்டை ஒரே ஒரு விஷயத்தோடுதான். டிவி திரையின் நடுவில் வந்து நிற்குமே, அந்த 'நோ டிஸ்க்'.

டிஸ்க்கை என் கையால் வைத்தேன். டிரே உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தேன். கர்ரென்று சுற்ற முயல்கிற சத்தமும் கேட்கிறது. ஆனால் டிஸ்க் இல்லையாம். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறவன் எதிரிலேயே 'இங்கே யாரும் இல்லை' என்று சொல்லிவிட்டுச் சாம்பார் வாளியோடு தாண்டிப் போகிற மாதிரி. லென்ஸில் அழுக்கா, நோ டிஸ்க். லேசர் வலுவிழந்துவிட்டதா, நோ டிஸ்க். டிஸ்க் வளைந்திருக்கிறதா, மின்சாரப் பலகையில் கெப்பாசிட்டர் உப்பிவிட்டதா, எல்லாவற்றுக்கும் அதே இரண்டு வார்த்தை. 15 வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் உண்மையான காரணத்தைச் சொல்லியிருக்கிறது. மாமா மலேசியாவிலிருந்து கொண்டுவந்த டிவிடியைப் போட்டபோது 'தவறான ரீஜன்' என்றது. எந்த வட்டாரத்துக்கான டிவிடி என்று குறிக்கிற ரீஜன் எண் மலேசியாவுக்கு 3, நமக்கு 5. அன்றைக்கு மட்டும் எவ்வளவு தெளிவு!

அது ஏன் அப்படிச் சொல்கிறது என்பது மேல் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்த அன்றுதான் புரிந்தது. (பார்க்கிறவர்கள் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். லென்ஸுக்கு நேரே கண்ணை வைக்காதீர்கள். டிவிடிக்கான லேசர் சிவப்பாகத் தெரியும். சிடிக்கான லேசர் 780 நானோமீட்டர், அகச்சிவப்பு, கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியாது. அதனாலேயே ஆபத்து.) டிரே உள்ளே போனதும் அந்தச் சின்ன லென்ஸ், மூச்சு வாங்குகிற மாதிரி இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் ஏறி இறங்கும். கீழிருந்து லேசரை அனுப்பி, டிஸ்க்கின் பளபளப்பில் பட்டுத் திரும்பி வருகிற ஒளி எந்த உயரத்தில் கூர்மையாகிறது என்று தேடுகிறது. போதுமான ஒளி திரும்பி வந்தால் மோட்டாரை முழு வேகத்தில் சுற்றவிடும். அப்புறம் உள்வட்டத்தில் இருக்கிற பொருளடக்கத்தைப் படிக்கும். இந்த டிஸ்க்கெல்லாம் உள்ளிருந்து வெளியே படிக்கப்படுபவை. ஒளி திரும்பி வரவில்லை என்றால் நோ டிஸ்க். ஆக, அது சொல்ல வேண்டியது 'எனக்குக் கண் தெரியவில்லை' என்று. சொல்வது 'இல்லை' என்று. என் கோபமெல்லாம் இந்த அகம்பாவத்தின்மேல்தான்.

முதல் நோ டிஸ்க் 2013-ல் வந்தது. பிரித்துப் பார்த்தால் லென்ஸின்மேல் மஞ்சளாக ஒரு படலம். எங்கள் வீட்டில் டிவி ஸ்டாண்டுக்கு மேலேயே சாமி அலமாரி. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா சாம்பிராணி போடுவார். போட்ட கையோடு இதே பிளேயரில் நாதஸ்வர சிடியையும் ஓடவிடுவார். அதாவது, அதை அதிகம் பயன்படுத்துகிறவரும் அவர்தான், அதன் கண்ணை மறைத்தவரும் அவர்தான். பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை ஈரம் படும் அளவுக்குத் தொட்டு, அழுத்தாமல் ஒரு சுற்று துடைத்தேன். உயிர் வந்துவிட்டது. அந்த லென்ஸ் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. தின்னரோ நெயில் பாலிஷ் ரிமூவரோ பட்டால் மங்கிப்போகும். பிரஷ் வைத்த கிளீனிங் சிடியையும் இரண்டு தடவை போட்டிருக்கிறேன். தூசிக்கு அது போதும், சாம்பிராணிப் பிசுக்குக்குப் போதாது. பிளேயரை எதிர்ச்சுவருக்கு மாற்றலாம் என்றேன். "சாமிக்குக் கேக்க வேண்டாமாடா?" என்றார் அம்மா. இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பஞ்சுக்குச்சியோடு நான் உட்காருகிறேன்.

இரண்டாவது, பெல்ட். டிரேயை இழுக்கிற ரப்பர் வளையம் வழுவழுப்பாகித் தளர்ந்துவிட்டது. 20 ரூபாய். இதில் சொல்ல வேறெதுவும் இல்லை. டிரே திறக்காமல் முக்கினால் கத்தியை விட்டு நெம்பாதீர்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது தடவை நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஆடியோ சிடி பாடுகிறது, விசிடி ஓடுகிறது, டிவிடி போட்டால் மட்டும் நோ டிஸ்க். ஒரு கடையில் கொடுத்தேன். சாயங்காலமே 'லென்ஸ் சர்வீஸ்' என்று 200 ரூபாய் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். அடடா, என்ன ஓட்டம்! கீறல் விழுந்த டிஸ்க்கைக்கூடத் தயங்காமல் படித்தது. அந்தக் கடையைப் பத்துப் பேரிடம் புகழ்ந்தேன். மூன்று மாதம் கழித்து ஒரேயடியாகப் படுத்துவிட்டது. டிவிடியே இல்லை. சாமிக்குப் பாட விசிடி-சிடி பக்கம் மட்டும் எஞ்சியது. இனிச் செலவு செய்வதில்லை என்று அப்படியே விட்டுவிட்டேன்.

அதன் காரணத்தைப் போன மாதம்தான் மெக்கானிக் அண்ணாச்சி காட்டினார். தூத்துக்குடியில் இப்போதும் டிவிடி பிளேயரைக் கையில் வாங்குகிற ஆள், எனக்குத் தெரிந்து, அவர் ஒருவர்தான். லென்ஸ் கட்டையின் பக்கவாட்டில் கடுகளவு இரண்டு திருகுகள் இருக்கின்றன. 'பாட்' என்பார்கள். லேசருக்குப் போகிற மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பது அது. சிடிக்கு ஒன்று, டிவிடிக்கு ஒன்று. சிடிக்கும் டிவிடிக்கும் லேசர் வேறு வேறு என்பதால்தான் ஒன்று ஓடி மற்றது நிற்கிறது. களைத்துப்போன லேசரை மாற்றாமல் இந்தத் திருகைக் கூட்டிவிட்டால் கொஞ்ச நாள் வெறிபிடித்தாற்போல் எரியும். எரிந்து தீர்ந்துவிடும். டிவிடித் திருகின் தலையில் ஸ்க்ரூ டிரைவர் கீறிய தழும்பு பளிச்சென்று இருந்தது. "சாகக் கிடக்கிறவருக்கு சாராயம் ஊத்தி எழுப்பி உக்கார வச்சிருக்கான் தம்பி" என்றார் அண்ணாச்சி.

புது லென்ஸ் 350, கூலி 150. கெப்பாசிட்டர் ஒன்று தலை உப்பி நின்றது. அதற்குக் காசு வாங்கவில்லை. பழைய லென்ஸின் பின்னால் எச்டி62 என்று எண் இருந்தது. அதே எண்ணில்தான் வாங்க வேண்டும், பார்க்க ஒரே மாதிரி இருக்கிற எதையாவது வாங்கிவிடக் கூடாது. இன்னொரு விஷயத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றேன். புது லென்ஸ் வரும்போது அதன் பலகையில் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஒரு ஈயப் பொட்டு வைத்திருப்பார்கள். கையில் இருக்கிற நிலைமின்சாரம் லேசரைக் கொன்றுவிடாமல் இருக்க அந்தக் காப்பு. ரிப்பன் கேபிளைச் செருகிய பிறகு அந்தப் பொட்டைச் சூடு வைத்து எடுத்துவிட வேண்டும். மறந்தால்? வேறென்ன, நோ டிஸ்க். "புது லென்ஸும் செத்துப்போச்சுன்னு திருப்பிக் கொண்டாந்து சண்டை போடுவானுவ" என்று சிரித்தார்.

சரி, எல்லாப் பழியையும் பெட்டியின் தலையில் போடுவதும் நியாயமில்லை. தங்கையின் கல்யாண வீடியோ மூன்று டிவிடி. 2011-ல் எடுத்தது. ஒவ்வொன்றின் மேலும் மாப்பிள்ளை பெண் சிரிக்கிற படம், வழவழப்பான காகித ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். அன்றைக்கு அது பெருமை. ஆனால் எங்கள் ஊர் ஈரக்காற்றில் காகிதம் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி, டிஸ்க்கை மெல்ல வளைத்துவிட்டது. சுற்றும்போது தடதடவென்று அதிரும். டிவிடியில் தகவல் எழுதியிருக்கிற தடங்களுக்கு இடையே இருக்கிற தூரம் 0.74 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடங்கள். அதை ஆடிக்கொண்டே படி என்றால் எந்த லென்ஸ் படிக்கும்? அதோடு இவை அச்சடித்த டிஸ்க் இல்லை, சாயத்தில் எழுதியவை. அச்சு டிஸ்க் அளவுக்கு ஒளியைத் திருப்பி அனுப்பாது, வெயிலும் சூடும் பட்டால் சாயம் மங்கும். லேசர் தளர்ந்தால் முதலில் மறுப்பது அழித்து எழுதுகிற ஆர்டபிள்யூ டிஸ்க்கை, அடுத்தது இந்தக் கல்யாண டிஸ்க் ரகத்தை, கடைசியில்தான் கடையில் வாங்கிய படத்தை. இந்த வரிசையைக் கவனித்திருந்தால் ஒரு வருடம் முன்பே எனக்குத் தெரிந்திருக்கும்.

ஸ்டிக்கரை உரிக்கவில்லை, இழுத்தால் தட்டு பிரிந்துவிடுமோ என்று பயம். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டரில் இரண்டு தட்டுகளை ஒட்டியது, தகவல் நடுவில் இருக்கிறது. சிடியில் அப்படியில்லை. 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கின் மேல்முகத்தில், பெயர் எழுதுகிற பக்கத்தில், மெல்லிய வார்னிஷுக்குக் கீழேயே அலுமினியமும் தகவலும் இருக்கின்றன. நாமெல்லாம் மின்னுகிற பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு, பெயர்ப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினோம். அந்தப் பக்கத்துக் கீறலுக்கு மருந்தே கிடையாது. சிடியில் ஒட்டிய ஸ்டிக்கரை உரித்தால் பாட்டும் சேர்ந்து உரிந்து வந்துவிடும்.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும், எனக்கே பிடிக்காவிட்டாலும். அம்மாவின் அந்த நாதஸ்வர சிடி. திருச்செந்தூர் கோயில் வாசலில் வாங்கியது. பேரப்பிள்ளைகள் அதைத் தரையில் வைத்து பஸ் ஓட்டியிருக்கிறார்கள். வெளிச்சத்தில் காட்டினால் கோலம் மாதிரி கோடுகள். போட்டால் ஒரு 'டிக்' சத்தம்கூட இல்லாமல் கல்யாணியோ தோடியோ பொங்கி வருகிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்கு ஆச்சரியம்தான். டிஸ்க்கின் முகத்தில் படும்போது லேசர் கற்றை முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு அகலமாக இருக்கிறது, உள்ளே போகப் போகத்தான் புள்ளியாகக் குவிகிறது. ஜன்னல் கொசுவலை வழியாகத் தெருவைப் பார்க்கிறவனுக்கு வலை தெரிவதில்லையே, அது போலத் தூசியும் சின்னக் கீறலும் அதற்குத் தெரிவதில்லை. மீறித் தப்பினாலும், ஒரு நொடிப் பாட்டைத் துண்டு துண்டாக்கித் தள்ளித் தள்ளி எழுதியிருப்பதால், தடத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தொலைந்தாலும் மற்ற இடங்களை வைத்துக் கணக்குப் போட்டு நிரப்பிவிடுகிறது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1982-ல் வெளியிட்ட ஏற்பாடு இது. இந்தக் கணக்கு தெரிந்தால் துடைக்கும் முறையும் தானாகப் புரியும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைத்தால், தப்பித்தவறிக் கோடு விழுந்தாலும் அது தடங்களைக் குறுக்கே வெட்டும், இழப்பு கொஞ்சம். வட்டமாகத் துடைத்து விழுகிற கோடு ஒரே தடத்தை நீளத்துக்கு விழுங்கிவிடும். நான் பல வருடம் வேட்டி நுனியால் வட்டமாகத்தான் துடைத்தேன்.

கல்யாணத்தின் முதல் இரண்டு டிஸ்க்கும் புது லென்ஸில் முழுதாக ஓடின. மறுநாளே கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து வைத்துவிட்டேன். மூன்றாவதில் தாலி கட்டுவது வரை வருகிறது, பந்தி ஆரம்பித்ததும் நிற்கிறது. மொய் எழுதின பகுதி போனதில் யாருக்கும் வருத்தமில்லை.

இத்தனைக்குப் பிறகு நண்பனுக்கு என் தீர்ப்பு: போட்டுவிடு. 500 ரூபாய் செலவழித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை லென்ஸ் துடைத்து, கடைசியில் 'டிஸ்க் இல்லை' என்று அது சொல்வதைக் கேட்க உனக்கு என்ன தலையெழுத்து? நடுவில் விரிசல் விழுந்த டிஸ்க் இருந்தால் அதையும் போட்டுவிடு. கம்ப்யூட்டர் டிரைவில் மட்டும் போட்டுப் பார்க்காதே, அந்த வேகத்தில் உள்ளேயே உடைந்து சிதறும். ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டாய். இரண்டு. அதுவும் நாதஸ்வரத்துக்கு.

ஆனால் காயலான் கடைக்குப் போகும் முன் பெட்டியைத் திறந்து, லென்ஸின் பின்னால் என்ன எண் இருக்கிறது என்று பார். எச்டி62 என்றால் ஞாயிற்றுக்கிழமை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். பெல்ட்டையும் கழற்றிவிடாதே.