அணுக்கழிவுக்கு இடம் தேடும்போது ஊரை எப்படிக் கேட்பது: மூன்று நாடுகளின் வழியும் எங்கள் தெரிவும்

இலங்கையில் அணுமின் நிலையம் கட்டுவது பற்றிய பேச்சு அடிக்கடி எழுகிறது. எங்கே கட்டுவது, எவ்வளவு செலவு என்றுதான் எல்லோரும் கதைக்கிறார்கள். எரிபொருள் தீர்ந்தபின் மிஞ்சுவதை எங்கே புதைப்பது என்று யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கமும் கடற்றொழிலாளர் சங்கமும் சேர்ந்து அரசுக்கு ஒரு கடிதம் எழுதின. அப்படியொரு நாள் வந்தால் திருகோணமலை மக்களிடம் எந்த முறையில் சம்மதம் கேட்க வேண்டும் என்பதுதான் கடிதத்தின் பொருள். அமெரிக்கா, ஜேர்மனி, சுவீடன் ஆகிய மூன்று நாடுகளின் வழிகளையும் வைத்துப் பார்த்தோம். கடைசியில், ஊரே விரும்பி முன்வரவும் வேண்டாமென்றால் மறுக்கவும் இடம் தரும் சுவீடன் வழியைக் கேட்டோம். கடிதத்தை வரைந்தவன் நான். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

அமெரிக்க வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1987இல் அந்நாட்டுக் காங்கிரஸ் மற்ற இடங்களை விட்டுவிட்டு நெவாடாவின் யக்கா மலையை மட்டும் ஆராயும்படி சட்டம் செய்தது. 2002இல் மாநில ஆளுநர் மறுத்தார். சில மாதங்களிலேயே காங்கிரஸ் அந்த மறுப்பைத் தள்ளுபடி செய்தது. அவ்வளவு அதிகாரத்தைப் பாவித்தும் ஒரு கொள்கலன்கூட அங்கே போய்ச் சேரவில்லை. 2010இலிருந்து திட்டம் கிடப்பில் கிடக்கிறது. மேலிடத்தில் முடிவெடுத்துவிட்டுப் பிறகு கருத்துக் கேட்பதை நாங்களும் பார்த்திருக்கிறோம். 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் கிளிவெட்டி முகாம்களில் இருந்த காலத்திலேயே அவர்களுடைய ஊர்ப்பக்கம் அனல் மின்நிலையத்துக்கு ஒதுக்கப்பட்டது. அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது 2016இல்தான்.

ஜேர்மனியின் வழி நேர்மையானது. 1977இல் தெரிவான கோர்லேபன் உப்புப்பாறைக்கு எதிராக அங்கே பல பத்தாண்டுகள் போராட்டம் நடந்தது. அதன் பிறகு 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த இடத்தையும் முன்கூட்டி விலக்காமல், நாடு முழுவதையும் நிலவியல் கண்ணோடு அலசினார்கள். 2020 செப்டெம்பரில் வந்த முதல் அறிக்கை 90 பகுதிகளை, அதாவது நாட்டுப் பரப்பில் சுமார் 54 விழுக்காட்டை, மேலும் ஆராயத் தக்கது என்றது. கோர்லேபன் அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் கூட்டத்தில் ஓர் ஆசிரியர் இந்த வழிக்காக விடாமல் வாதாடினார். “விரும்பி வாற ஊருக்குக் கீழதான் நல்ல பாறை இருக்குமெண்டு என்ன நிச்சயம்?” என்று கேட்டார். சுவீடன் வழியில் உள்ள பெரிய பலவீனத்தை அவர் சரியாகத் தொட்டார். ஆனால் ஜேர்மனியில் ஒரு பிரதேச மக்கள் மறுபரிசீலனை கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லி நிறுத்த முடியாது. எங்கள் மீனவர்கள் அந்த இடத்தில் நின்றுவிட்டார்கள். நானும்தான்.

சுவீடனும் முதலில் பலவந்தமாகத்தான் தொடங்கியது. துளையிடும் இயந்திரங்கள் வந்தால் மறிப்பதற்காக ஒரு மலைப்பகுதியில் ஊரவர்கள் 1980 முதல் 2000 வரை மாறி மாறிக் காவல் இருந்தார்கள். இதற்கிடையில், 1992இல், கழிவுக்குப் பொறுப்பான நிறுவனம் நாட்டின் எல்லா நகராட்சிகளுக்கும் கடிதம் அனுப்பி, ஆய்வுக்கு யார் முன்வருகிறீர்கள் என்று கேட்டது. ஸ்டூரூமான் முன்வந்தது, 1995இல் மக்கள் வாக்கெடுப்பில் வேண்டாம் என்றார்கள். மாலோவில் 1997இல் அதே கதை. இரண்டு இடத்திலிருந்தும் நிறுவனம் விலகிப் போனது. மறுத்தால் மறுப்பு செல்லும் என்று கண்ணால் கண்ட பிறகுதான் மற்ற ஊர்கள் துணிந்து பேச வந்தன என்பது என் கணிப்பு.

விலகும் உரிமை எந்த நாள்வரை செல்லும்? நான் எதையும் விடப் பெரிதாகப் பார்ப்பது இதைத்தான். ஊஸ்ட்ஹாம்மர் நகராட்சியில் உள்ள ஃபோர்ஸ்மார்க்கை நிறுவனம் 2009இல் தெரிவு செய்தது; 2011இல் விண்ணப்பித்தது. நகராட்சி மன்றம் சம்மதித்தது 2020 ஒக்டோபரில், அரசு அனுமதித்தது 2022 ஜனவரியில். தெரிவான பிறகும் பதினொரு ஆண்டுகள் மறுக்கும் பேனா ஊரின் கையிலேயே இருந்தது. வேறு பொருத்தமான இடமே இல்லையென்றால் அரசு அந்த மறுப்பை மீறலாம் என்று சட்டத்தில் ஒரு வாசல் உண்டு. அதையும் கூட்டத்தில் மறைக்காமல் சொன்னேன்.

அறிக்கைகளை வாசித்து விளங்கிக்கொள்ளக் காசு இல்லாவிட்டால் மறுக்கும் உரிமையால் பயன் இல்லை. இங்கே சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால் மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள். முன்பு வேறொரு திட்டத்தின் அறிக்கையைப் பார்க்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் தடித்த கோப்பு இருந்தது. சுருக்கம் தமிழில் இருந்தாலும், நிலத்தடி நீர் அட்டவணைகளும் துளைக்கிணறு வரைபடங்களும் ஆங்கிலத்தில் பின்னிணைப்பாகக் கிடந்தன. பக்கத்தில் நின்ற கரைவலைச் சம்மாட்டி ஒருவர், கடலுக்குள் குழாய் எந்த இடத்தில் இறங்குகிறது என்று மட்டும் கேட்டார். வரைபடத்தில் விரலை ஓட்டி ஓட்டிப் பார்த்தோம். கரைப்பெயர் ஒன்றுமே அதில் இல்லை. விளக்கிச் சொல்ல அங்கே ஆளும் இல்லை. சுவீடனில் அணு உலை நடத்துவோர் கட்டும் நிதியிலிருந்து நகராட்சிக்கே பணம் போகிறது. நகராட்சி தன் சொந்த நிபுணரை அமர்த்தி, 500 மீற்றர் ஆழத்தில் செப்புக் கொள்கலன் அரிக்குமா, அதைச் சுற்றியுள்ள பென்டனைட் களி நீரைத் தடுக்குமா என்று நிறுவனத்திடம் எதிர்க்கேள்வி கேட்டது. இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. கடைசிச் சுற்றில் நின்ற ஊஸ்ட்ஹாம்மர், ஓஸ்கார்ஷாம்ன் ஆகிய இரண்டு நகராட்சிகளும் இடம் தெரிவாகுமுன்பே நிறுவனத்துடன் ஓர் உடன்படிக்கை செய்தன: அபிவிருத்திப் பணத்தில் 75 விழுக்காடு தெரிவாகாத நகராட்சிக்கு. காசுக்காகத் தலையாட்ட வேண்டிய நெருக்கடி அதனால் குறைந்தது.

இந்த இரண்டு நகராட்சிகளிலும் ஏற்கெனவே அணு உலைகள் உண்டு. அங்கே மக்களுக்கு அந்தத் தொழில் பழக்கம், நகராட்சிக்கும் அதிகாரம் அதிகம். எங்கள் பிரதேச சபைகளுக்கு அது இல்லை. ஆகவே இதே முறை இங்கே அப்படியே நடக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

யாருடைய சம்மதம் கணக்கு என்பதில் பிரித்தானியா இடறியதையும் கடிதத்தில் சேர்த்தோம். 2013 ஜனவரியில் கம்பிரியாவில் கோப்லண்ட், அலர்டேல் என்ற இரண்டு சிறிய சபைகளும் தொடரலாம் என்றன. அவற்றுக்கு மேலிருந்த மாவட்ட சபை மறுத்தது, தேடல் நின்றது. கொட்டியாரக்குடாவைச் சுற்றித் திருகோணமலை, கிண்ணியா, மூதூர் என்று தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் கலந்து வாழும் பல சபைகள் இருக்கின்றன. கடல் எல்லோருக்கும் ஒன்று. ஒவ்வொரு சபைக்கும் தனித்தனி மறுப்புரிமை வேண்டும் என்று எழுதினோம். அப்படியானால் எந்தத் திட்டமும் எங்கேயும் நடக்காது என்று அந்த ஆசிரியர் ஒப்பமிட மறுத்துவிட்டார். அவருடைய எதிர்ப்பையும் ஒரு பந்தியாகச் சேர்த்துத்தான் கடிதத்தை அனுப்பினோம்.