மஞ்சக்குப்பம் மாடி வகுப்பு: ஆறு மாலை, 1,200 ரூபாய்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பதினான்கு ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான்; வருமானமெல்லாம் ஆன்லைன் விண்ணப்பத்தில். சாதிச் சான்றிதழ், பட்டா, கல்லூரிச் சேர்க்கை என்று நாள் முழுதும் ஊரார் கடவுச்சொற்களைத் தட்டிக்கொண்டிருப்பவன். மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் நெட்வொர்க் பாதுகாப்பின் அடிப்படைச் சொற்களுக்கென்று வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டபோது, நமக்குத் தெரியாததா என்ற நினைப்போடுதான் போனேன். சனி, ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம், மூன்று வாரம்.

நடத்துபவர் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே என் பிழைப்பில் கை வைத்தார்.

"தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை ஆதார் பிடிஎஃப் திறப்பீர்கள்?"

"நாற்பது இருக்கும் சார்."

"கடவுச்சொல்லை யாரிடம் கேட்பீர்கள்?"

யாரிடமும் கேட்பதில்லை. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், பெரிய எழுத்தில். அதற்குப் பிறகு பிறந்த ஆண்டு. பெயர் தெரிந்தால் பாதி முடிந்தது. ஆளைப் பார்த்து வயதைக் கணித்து ஏழெட்டு ஆண்டுகளைப் போட்டுப் பார்த்தால் மீதியும் முடிந்தது. "பூட்டு நல்ல பூட்டுதான், சாவியை நிலை மேலேயே வைத்திருக்கிறார்கள்" என்றார். பூட்டான குறியாக்க முறை, அதாவது சாவி இல்லாதவன் படிக்க முடியாதபடி தகவலை மாற்றுவது, வேறு; சாவியான கடவுச்சொல் வேறு என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

பூட்டே பழசானால் என்ன ஆகும் என்பதற்கு டிஇஎஸ் என்ற பழைய குறியாக்க முறையின் கதை. 1977இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்ற முறை, சாவியின் நீளம் 56 பிட், அதாவது 56 பூஜ்யம்-ஒன்றுகள். 1998இல் இதற்கென்றே கட்டிய ஓர் இயந்திரம் சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து 56 மணி நேரத்தில் திறந்துவிட்டது. 2001இல் தரமாக வந்த அடுத்த முறையான ஏஇஎஸ்ஸில் மிகச் சிறிய சாவியே 128 பிட். ஒரு பிட் கூடினால் திறப்பவனுக்கு வேலை இரு மடங்கு என்று பலகையில் பெருக்கிக்கொண்டே போனவர், பலகை தீர்ந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

இரண்டாம் நாள் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதைக் குறியாக்கத்துக்கு உவமையாகச் சொன்னார். என் தாய்மாமன் மாட்டுத் தரகர், விடுவேனா? எந்த விரலுக்கு என்ன விலை என்பது சந்தையில் எல்லாருக்கும் தெரியும், துண்டை விலக்கினால் ரகசியம் போயிற்று, இதில் சாவி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு பலகையில் எழுதியதை அழித்துவிட்டு, "விரல் கணக்கு என்கோடிங், துண்டு வெறும் மறைப்பு, குறியாக்கம் இரண்டும் இல்லை" என்று எழுதினார். என்கோடிங் என்றால் எல்லாருக்கும் தெரிந்த விதிப்படி ஒன்றை வேறு வடிவில் எழுதுவது; அதற்குச் சாவி கிடையாது. கொடுத்த 1,200 ரூபாயில் பாதி அந்த அழிப்பான் ஓட்டத்துக்கே தகும். ஆனால் அவர் கொடுக்கும் அச்சுத்தாளில் என்கோடிங்குக்கும் சாவி போட்டுப் பூட்டும் என்கிரிப்ஷனுக்கும் 'குறியாக்கம்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. சொற்களுக்காகவே நடத்தும் வகுப்பில் இது பெரிய குறை.

ஹாஷ், அதாவது எதைக் கொடுத்தாலும் அதற்கென ஒரே நீளத்தில் ஒரு கைரேகை எடுத்துத் தரும் கணக்கு; அந்தப் பாடம் கணினியில் நேராகவே நடந்தது. 'கடலூர்' என்று தட்டி எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் முறையைப் போட்டால் 64 எழுத்துகள் வந்தன. 'கடலுர்' என்று குறிலாக மாற்றினேன். மறுபடியும் 64, ஆனால் முன்னதோடு ஒட்டுமில்லை உறவுமில்லை. இதைத் திருப்பிக் கடலூராக்க வழியில்லை. அதனால்தான் ஒழுங்கான தளம் நம் கடவுச்சொல்லை ஹாஷாக மட்டுமே வைத்துக்கொள்கிறது. மறந்துவிட்டோம் என்றால் புதிதாக வைக்கச் சொல்லுமே தவிர, பழையதைச் சொல்லாது, சொல்லவும் முடியாது. நான் அடிக்கடி பயன்படுத்தும் ஒரு தளம் போன மாதம் என் பழைய கடவுச்சொல்லை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பியிருந்தது. அதுவரை நல்ல சேவை என்று நினைத்திருந்தேன்.

டிஜிட்டல் கையெழுத்து வகுப்பில் சிரிப்பு வேறு. நம்மிடம் மட்டும் இருக்கும் தனிச்சாவியால் கையெழுத்து, யாரும் வைத்திருக்கக்கூடிய அதன் ஜோடிப் பொதுச்சாவியால் சரிபார்ப்பு. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அது செல்லும். தனிச்சாவி தான் இருக்கும் பென்டிரைவ் போன்ற யுஎஸ்பி டோக்கனை விட்டு வெளியே வராது என்று சார் சொல்லி முடிக்கவும், ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "எங்கள் அலுவலகத்தில் முப்பது பேருடைய டோக்கனும் ஒரே பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது சார். ஒவ்வொன்றிலும் பின் எண்ணை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். பரவாயில்லையா?"

இணையப் பக்கம் திறக்கும்போது முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழியில் யாரும் படிக்க முடியாது என்றுதான் அதற்குப் பொருள். அந்தப் பக்கம் இருப்பவன் யோக்கியன் என்று அது சொல்லவில்லை. அச்சுத்தாள் இந்தப் பூட்டுக்குப் பின்னால் இருக்கும் முறையை எஸ்எஸ்எல் என்கிறது. அதன் கடைசிப் பதிப்பையே 2015இல் ஒதுக்கிவிட்டார்கள், இப்போது ஓடுவது அதன் வாரிசான டிஎல்எஸ். தாளைத் திருத்தி அச்சடிக்க ஒரு பக்கத்துக்கு ஒரு ரூபாய்தான் ஆகும், என் கடைக்கே வரலாம்.

வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலும், இணையத்தின் நடுவே குறியாக்கிய தனிப் பாதை போடும் விபிஎன்னும் கடைசி நாளில் அவசர அவசரமாகப் போயின. நடுவில் அரை மணி நேரம் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் மின்விசிறிக்கு மட்டும்தான்.

வகுப்பு முடிந்த மறுநாள் கடைக் கணினியின் முகப்பில் கிடந்த ஆதார் கோப்புகளை அழித்தேன், அறுநூற்றுச் சொச்சம். இப்போது கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதுமென்றால் அதைத்தான் இறக்கித் தருகிறேன். ரவுட்டரைத் திறந்து பார்த்தால் வாங்கிய நாளின் 'அட்மின்' கடவுச்சொல்லே இருந்தது; அதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சேர விரும்புகிறவர்கள் நோட்டும் தண்ணீரும் கொண்டுபோங்கள். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். கணினி நான்குதான் என்பதால் ஐந்தரைக்கே போனால் இடம் கிடைக்கும்.