டேவ் நல்ல கேம்தான், அந்தத் திரைதான் சனியன்

“பழைய ‘டேஞ்சரஸ் டேவ்’ கேம் இப்ப லேப்டாப்ல ஓடுமாடா? பையனுக்குப் போட்டுக் கொடுக்கலாம்னு பார்க்கிறேன்” என்று நண்பன் ஒருவன் கேட்டான். ஓடும். பழைய டாஸ் காலத்துக் கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் இருந்தால் போதும். ஆனால் பையனுக்குப் போட்டுக் கொடுக்கலாமா என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. பல வருஷக் கடுப்பு உள்ளே கிடக்கிறது.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்தவர்களுக்கு டேவ் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. கோப்பையை எடு, கதவுக்குப் போ, நெருப்பிலும் தண்ணீரிலும் கால் வைக்காதே, அவ்வளவுதான் சங்கதி. மொத்தம் பத்து லெவல். கம்ப்யூட்டர் எத்தனை மாறினாலும் நான் முதலில் காப்பி செய்துகொள்ளும் நாலைந்து ஃபைல்களில் இதுவும் ஒன்று. ஒரு ஃப்ளாப்பியில் மூலையில் ஒடுங்கிக்கொள்ளும் அளவுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டேவ் தாவும் உயரம் மாறாது. அதனால் கொஞ்ச நாளிலேயே எந்தக் கல்லுக்கு எங்கிருந்து தாவ வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். துப்பாக்கி கிடைத்தாலும் சகட்டுமேனிக்குச் சுட முடியாது. போன குண்டு எதிலாவது பட்டோ திரையை விட்டு வெளியேறியோ ஒழிந்தால்தான் அடுத்தது வரும். குறி தவறினால் அந்த இடைவெளியில் நீங்கள் காலி. இவ்வளவு சின்ன விதியை வைத்துக்கொண்டு இவ்வளவு பதற்றத்தைக் கொடுக்க முடியும் என்பதை இன்றைய பெரிய பெரிய கேம்கள்கூட மறந்துவிட்டன. அப்புறம் ஒரு லெவல் முடிந்ததும் டேவ் ஒரு நீளமான வழியில் நடந்து போவான், மேலே ‘குட் ஒர்க்! ஒன்லி 9 மோர் டு கோ!’ என்று வரும். பாராட்டா நக்கலா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இனி அந்தத் திரை. டேவ் நடந்து ஓரத்துக்கு வந்ததும் ஆட்டம் அப்படியே நின்றுவிடும். படம் கடகடவென்று பக்கவாட்டில் தள்ளப்பட்டு, புதுத் துண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் மறுபடி அசைய முடியும். தரையில் நடக்கும்போது நடந்தால் பரவாயில்லை. அந்தரத்தில் தாவிக்கொண்டிருக்கும்போதும் இதே கதைதான். கால் எங்கே இறங்கும் என்று மனசுக்குள் போட்ட கணக்கு அந்த நிறுத்தத்தில் கலைந்துவிடும். திரை நின்று சுதாரிப்பதற்குள் கீழே நெருப்பு. புதுத் துண்டில் என்ன பூதம் காத்திருக்கிறது என்பதும் வந்து சேரும்வரை தெரியாது. இத்தனை வருஷத்தில் நான் இழந்த உயிர்களில் பாதிக்கு மேல் பூதத்தால் போகவில்லை, இந்தத் தள்ளலால் போனதுதான்.

சரி, நியாயமாகவும் பேசுவோம். இதை எழுதியவர் ஜான் ரொமேரோ. தலைப்புத் திரையிலேயே அவர் பெயர் இருக்கும். நாம் யார் அதைப் படித்தோம், கீயைத் தட்டி உள்ளே போவதில்தான் குறி. 1988-இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக, டிஸ்க்கில் வரும் அப்டைம் என்ற இதழுக்கு அவர் செய்த கேம் இது. நின்டெண்டோ கம்பெனியின் மாரியோ கேமைப் பார்த்துச் செய்தது என்பதைப் பார்த்தாலே தெரியும். பிறகு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஷ்ரீவ்போர்ட் என்ற ஊரில் இருந்த சாஃப்ட்டிஸ்க் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். நாம் ஆடிய டாஸ் பதிப்பு 1990-இல் அங்கிருந்து வந்தது. அன்றைய பிசியில், நின்டெண்டோவின் கேம் பெட்டியில் இருந்ததுபோலப் படத்தை வழுக்கிக்கொண்டு போகத் தனி வசதி இல்லை. முழுத் திரையையும் ஒவ்வொரு முறையும் திருப்பி வரைய அந்த மெஷினுக்குத் தெம்பும் இல்லை. துண்டு துண்டாகத் தள்ளுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவந்த வழி.

அதே ஆபீஸில் அதே வருஷம் செப்டம்பரில் இந்தத் திரைப் பிரச்சினையை ஒருவர் தீர்த்தார் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ரொமேரோவோடு வேலை பார்த்த புரோகிராமர் ஜான் கார்மாக். யோசனை கேட்க எளிது: மாரியோ கேமில் முக்கால்வாசி ஒரே நீல வானம், அதை எதற்குத் திரும்பத் திரும்ப வரைய வேண்டும்? மாறிய கட்டங்களை மட்டும் வரை. மிச்சத்தை, திரையில் படம் காட்டும் இஜிஏ கார்டின் நினைவகத்தில் படம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை நகர்த்திச் சமாளி. அவரும் அதே ஆபீஸில் இருந்த டாம் ஹாலும் ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து, சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3-இன் முதல் லெவலை பிசியில் அப்படியே வழுக்கவிட்டு, அதற்குள் மாரியோவுக்குப் பதில் நம்ம டேவை நடக்கவிட்டார்கள். ‘டேஞ்சரஸ் டேவ் இன் காப்பிரைட் இன்ஃப்ரிஞ்ச்மென்ட்’ என்று பெயரும் வைத்து, டிஸ்க்கை ரொமேரோவின் மேஜையில் போட்டுவிட்டுப் போனார்கள். குசும்பு பிடித்தவர்கள்.

அப்புறம் வரிசையாக நடந்ததெல்லாம் தெரிந்ததுதான். மாரியோவை பிசிக்குக் கொண்டுவரலாமா என்று நின்டெண்டோவுக்கு ஒரு மாதிரி செய்து அனுப்பினார்கள். வேண்டாம் என்று பதில் வந்தது. அதே நுட்பத்தை வைத்து கமாண்டர் கீன் என்ற தாவும் கேமைச் செய்து 1990 டிசம்பர் 14-இல் அப்போஜி என்ற கேம் கம்பெனி மூலம் வெளியிட்டார்கள். 1991 பிப்ரவரியில் இவர்களின் சொந்தக் கம்பெனியான இட் சாஃப்ட்வேர் பிறந்தது. வுல்ஃபென்ஸ்டீன், டூம் என்ற பிரபலமான சுடும் கேம்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஆக, வழுக்கும் திரையில் முதலில் நடந்தவன் டேவ். ஆனால் நம் கையில் கிடைத்த டேவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அப்போதே ஒருத்தராவது திரும்பி வந்து அந்த முதல் கேமைச் சரிசெய்து கொடுத்தார்களா? இல்லை. 1991-இல் பேய் பங்களாவுக்குள் டேவை அனுப்பிய அடுத்த பாகம் வந்தது, திரை அழகாக வழுக்கும். ஆனால் அதில் கோப்பையும் இல்லை, அந்தப் பழைய தாவலும் இல்லை. பெரிய துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ரத்தம் தெறிக்கச் சுடுகிறான். அவன் வேறு டேவ்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு போட்டுக் கொடு என்றுதான் சொல்வேன் என்று நினைப்பாய். வேண்டாம்டா. கீனைப் போட்டுக் கொடு. தாவினால் தாவிய இடத்தில் இறங்குவான், பையன் நிம்மதியாக ஆடட்டும். நேற்று ராத்திரி நான் எட்டாவது லெவலில் கடைசி உயிரோடு அந்தரத்தில் இருந்தபோது திரை நகர்ந்தது என்பதற்கும் இந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தம் உண்டு, மறைக்கவில்லை. அடுத்த மாதம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.

இல்லை, டேவ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், சுடுவதற்கு கன்ட்ரோல், முதுகில் மாட்டிப் பறக்கும் ஜெட்பேக்குக்கு ஆல்ட் என்பதை முதலிலேயே சொல்லிவிடு. ஒலியைக் குறைத்து வை. நடக்கும்போதெல்லாம் வரும் அந்தக் கரகரப்புக்கு வீட்டில் உன்னைத்தான் திட்டுவார்கள்.