நீலமாக இருந்தால் நைட்ரைல் ஆகிவிடாது: சேஃப்டி கிட் வாங்கி ஏமாந்த கதை

சிலிக்கோன் இங்கில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கெமிக்கல் சேஃப்டி கிட் என்று ஒன்றை ஆன்லைனில் வாங்கி, மூன்று வார வேலையையும் கெடுத்துக்கொண்டு, கூட வேலை செய்கிற தம்பியின் கையையும் புண்ணாக்கிவிட்டேன். ஒரு பெட்டி நீலக் கையுறை, இரண்டு பக்கமும் வட்டமாக ஃபில்டர் வைத்த மாஸ்க், ஒரு கண்ணாடி. "நைட்ரைல், எல்லாக் கெமிக்கலுக்கும் ஏற்றது" என்று போட்டிருந்தார்கள் (நைட்ரைல் என்பது ஒரு செயற்கை ரப்பர்). எல்லாக் கெமிக்கலுக்கும் ஏற்ற கையுறை என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது, அது எனக்கு அப்போது தெரியாது.

முதலில் கெட்டது இங்க்தான். இரண்டு பாகத்தையும் சரியாக எடை போட்டுக் கலந்து, ஓவனில் வைத்து எடுத்தாலும் அங்கங்கே பிசுபிசுவென்று காயாமல் நின்றது. இங்க் கொடுத்தவரிடம் சண்டை போட்டேன், பாவம் அவர், புது பேட்ச் அனுப்பினார், அதுவும் அப்படியே. சூட்டை ஏற்றிப் பார்த்தேன், கண் எரிந்ததுதான் மிச்சம் (150 டிகிரிக்கு மேல் போனால் சிலிக்கோனிலிருந்து கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு வரும் என்று பிறகு படித்தேன்). ஒரு நாள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: காயாத இடமெல்லாம் விரல் பட்ட இடம்.

என்னுடையது போல பிளாட்டினம் கேட்டலிஸ்ட்டில் (இறுகுவதைத் தூண்டும் பொருள்) இறுகுகிற இங்குக்குக் கந்தகம் ஆகாது. லேட்டெக்ஸ், அதாவது இயற்கை ரப்பர் கையுறையில் கந்தகம் உண்டு, லேசாகப் பட்டாலே அந்த இடம் இறுகாது. கையுறையின் ஒரு விரலை வெட்டி ஒயிட் ஸ்பிரிட்டில் (பெட்ரோலியத் தின்னர்) போட்டு மூடி வைத்தேன், மறுநாள் ஊதிப் பெருத்துக் கிடந்தது. நைட்ரைல் அப்படி ஊதாது. நீலச் சாயம் போட்ட லேட்டெக்ஸை நைட்ரைல் என்று விற்றிருக்கிறார்கள்.

தம்பிக்கு மணிக்கட்டு வரை தடிப்பு. லேட்டெக்ஸ் ஒவ்வாமையா, தின்னர் உள்ளே இறங்கியதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, எதுவானாலும் காரணம் அதே கையுறைதான். அப்புறம் மாஸ்க்கைப் பிரித்தேன். உள்ளே வெறும் பஞ்சு, கரி ஒரு துளிகூட இல்லை. அது தூசிக்குத்தான், தின்னர் ஆவி தாராளமாக உள்ளே போகும். ஆவிக்கு என்றால் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் வேண்டும்: ஐரோப்பிய முறையில் ஏ என்ற எழுத்தும் பழுப்புப் பட்டையும், அமெரிக்க முறையில் கறுப்புப் பட்டை. கண்ணாடியில் பக்கவாட்டில் நேர் ஓட்டைகள், தெறித்தால் நேரே கண்ணுக்குத்தான்.

விற்றவரைக் கூப்பிட்டால், "சார், வாட்டர்ப்ரூஃப் சார், தண்ணி ஊத்திப் பாருங்க" என்கிறார். நான் என்ன தண்ணீரிலா பிரிண்ட் போடுகிறேன்? பிரித்த பெட்டியைத் திருப்பி எடுக்க முடியாதாம். பிரிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

என் தப்பும் இருக்கிறது. இங்கோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் 8ஆவது பிரிவு முழுக்க இந்தக் கையுறை, மாஸ்க் விஷயம்தான், நான் ஒரு முறைகூடப் புரட்டவில்லை. இப்போது வாங்கும்போது பெட்டியில் ஈஎன் ஐஎஸ்ஓ 374-1 (கெமிக்கல் கையுறைக்கான தரநிலை) என்றும், குடுவைப் படத்துக்குக் கீழே எழுத்துகளும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஜே என்றால் ஹெப்டேன், எஃப் என்றால் டொலுயீன். டைப் ஏ என்றால் ஆறு கெமிக்கலாவது 30 நிமிடத்துக்கு ஊடுருவாது என்று அர்த்தம், ஆனால் அந்த ஆறில் உங்கள் தின்னர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தின்னரில் டொலுயீனோ சைலீனோ இருந்தால் அசல் நைட்ரைலின் மெல்லிய ரகம்கூடத் தெறிப்புக்கு மட்டும்தான், பட்டதும் கழற்றி எறிய வேண்டும். ஸ்கிரீன் கழுவ பல அடுக்கு ஃபிலிம் கையுறையோ விட்டான் என்ற ஃபுளோரின் ரப்பர் கையுறையோ வேண்டும். சில நைட்ரைலிலும் கந்தகம் சேர்ப்பதால், புதுப் பெட்டி வந்ததும் ஒரு துண்டு வெட்டி, அதன்மேல் கலந்த இங்கைத் தடவிக் காயவைத்துப் பார்க்கிறேன். ஒட்டினால் அந்தப் பெட்டி வேண்டாம்.

புகார் கொடுத்ததில் மாஸ்க்குக்கு மட்டும் பணம் வந்தது. கையுறை நைட்ரைல்தான் என்று விற்றவர் இன்னும் சாதிக்கிறார். சர்டிஃபிகேட் கேட்டேன், அனுப்பினார். திறந்து பார்த்தால் ஈஎன் 388, அதாவது வெட்டு, உராய்வுக்கான சோதனை, அதுவும் ஏதோ ஒரு தோல் கையுறைக்கு.